திரையில் வளரும் வீரன்

பிள்ளைத்தமிழ் பாடும் புலவன், தான் போற்றும் பெரியோரைக் குழந்தையாக்கிக் கொள்கிறான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பருவம் பருவமாக அக்குழந்தையை வளர்த்து வருகிறான். ஆண்பாலாயின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலாயின் அம்மானை, நீராடல், ஊசல் என்றும் இறுதி மூன்று பருவங்களை அமைக்கிறான். இவ்விறுதிப் பருவங்கள் யாவும் விளையாட்டாகவே இருத்தலை வகுப்பறையில் பலமுறை படித்திருக்கிறோம், நின்று நினைத்ததில்லை. இசுலாமியப் புலவர்களும் இவ்விலக்கிய வகையைக் கைக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடினர். தொல்காப்பியரோ, உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார்.

ஆகவே, ஒருவனை மனத்தில் படைத்து, அவனைப் படிப்படியாக வளர்த்துப் பார்த்து மகிழும் வேட்கை நமக்குப் புதிதன்று. இவ்வேட்கை இன்று எங்கே குடியேறியிருக்கிறது என்பதை அண்மையில் நேரில் கண்டேன். அதனைக் கண்டபின் எழுந்த சிந்தனைகளை மாணவ நண்பர்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாலைக் காட்சி

இராயபுரத்தில், சரக்குப் பெட்டிகளை ஏற்றிய லாரிகள் ஓயாது ஊர்ந்து செல்லும் சாலையை அடுத்த தெரு ஒன்றில், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு வீடியோ கேம் ஆடவிடும் சிறிய அறை ஒன்று உண்டு. ஒரு நாள் மாலை அவ்வழியே சென்றபோது, எங்கள் தெருவில் வளர்ந்து இப்பொழுது கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவன் ஒருவன் என்னைக் கண்டு எழுந்து நின்றான். அவன் தந்தை துறைமுகத்தில் சுமை வேலை பார்ப்பவர். "என்ன தம்பி ஆடுகிறாய்?" என்று கேட்டேன். சற்றே நாணத்துடன் திரையைக் காட்டி, "கூடைப்பந்து சார். இவன் என் ஆள். நான் வளர்த்தவன்" என்றான்.

திரையில் ஓர் இளைஞன் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றான். ஆறடி நான்கு அங்குல உயரம். அவன் தலைக்கு மேல் 90 என்ற எண். "இவ்வெண் என்ன?" என்றேன். அவன் சொன்ன விடை இன்றுவரை என் மனத்தைவிட்டு நீங்கவில்லை. "இது இவன் தரம் சார். 60இல் தொடங்கினேன். ஆனால் இது காசு கொடுத்து வாங்கின 90 இல்லை. ஆடி வந்த 90."

வாங்கிய தொண்ணூறு ஒன்று. ஆடி வந்த தொண்ணூறு ஒன்று! பதினெட்டு வயது இளைஞன் ஒருவன், எவரும் கற்பிக்காமலே, உழைப்பின் மதிப்பையும் விலையின் மதிப்பையும் பிரித்துணர்ந்திருக்கிறான். அவ்வறையைக் கண்டவுடன் கடிந்துரைக்க எண்ணியிருந்த நான் வாயடைத்து நின்றேன்.

விளையாட்டின் இயல்பு

இவ்விளையாட்டை அறியாத பெரியோர்களுக்காகச் சில சொற்கள் கூறுதல் தகும். அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகங்களின் கூட்டமைப்பான என்.பி.ஏ.யின் பெயரால் 1999ஆம் ஆண்டு முதல் 'என்.பி.ஏ. 2கே' என்னும் கணினி விளையாட்டு வெளிவருகிறது. தொடக்கத்தில், பெயர் பெற்ற வீரர்களைக் கொண்ட அணிகளை இயக்கி ஆடுவதாகவே அது அமைந்திருந்தது. 2009இல் வந்த பதிப்பில், ஆடுபவர் தமக்கென ஒரு வீரனைப் படைத்து அவனை மட்டுமே இயக்கும் முறை புகுந்தது. பின்னர் அது 'மை கேரியர்', அதாவது 'என் வாழ்க்கைப் பயணம்', என்னும் பெயரில் நிலைபெற்றது.

முதலில் வீரனின் ஆடுமிடம், உயரம், எடை, கைகளின் நீளம் ஆகியவற்றை வகுக்க வேண்டும். உயரத்தைக் கூட்டினால் வேகமும் பந்தைக் கையாளும் திறனும் குறையும். வேகத்தைக் கூட்டினால் வளையத்தின் கீழ் நின்று காக்கும் வலிமை குறையும். எல்லாவற்றிலும் உச்சமாக எவனையும் படைக்க இயலாது. பின்னர், 60ஐ ஒட்டிய தரத்தில் தொடங்கும் அவ்வீரனை ஆட்டம் ஆட்டமாக வளர்த்து 99ஐ நோக்கிக் கொண்டு செல்ல வேண்டும். தொலைவிலிருந்து எறிதல், பந்து வழங்குதல், தடுத்தல் முதலியவற்றில் மீண்டும் மீண்டும் செய்து காட்டுபவனுக்கு வெண்கலம், வெள்ளி, பொன் எனப் பட்டயங்கள் உயர்ந்துகொண்டே செல்லும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் அணித்தோழர்க்கு அவன் எவ்வாறு துணை நின்றான் என்பதற்குத் தனி மதிப்பெண் வழங்கப்படுகிறது. தோழனுக்குப் பந்தை வழங்கி அவன் புள்ளி பெற உதவினால் மதிப்பெண் உயரும். தன்னலத்தோடு தகாத இடத்திலிருந்து எறிந்தாலும், தான் காக்க வேண்டிய எதிரியைக் கைவிட்டாலும் மதிப்பெண் தாழும்.

இவற்றைக் கேட்டபோது எனக்கு வியப்பே மேலிட்டது. ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும். செய்து பழகாமல் திறன் வாராது. தன்னைவிட அணி பெரிது. இம்மூன்றும் நாம் வகுப்பில் நெடுநேரம் சொல்லியும் மாணவர் செவியில் ஏறாத பாடங்கள் அல்லவா? வள்ளுவர் ஊக்கமுடைமை என்றும் ஆள்வினையுடைமை என்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தவற்றை ஒரு கணினி விளையாட்டு கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறது. அதனை வீண்பொழுது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

அது சொல்லாத உண்மைகள்

எனினும், அவ்விளையாட்டில் இரு பெருங்குறைகள் உள்ளன. முதலாவது, அங்கே வளர்ச்சியை விலைக்கு வாங்கலாம். வீரனின் திறனை உயர்த்துவதற்கு 'வி.சி.' என்னும் பொய்ந்நாணயம் வேண்டும். அதனை ஆடியும் ஈட்டலாம். மெய்யான பணத்தைக் கட்டியும் பெறலாம். பல மாலைகள் ஆடி ஒருவன் எட்டிய இடத்தைப் பணமுடையவன் ஒரு நொடியில் எட்டிவிடுகிறான். ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. பழைய பதிப்பில் வளர்த்த வீரன் புதியதனுள் வருவதில்லை. மீண்டும் 60இலிருந்து தொடங்க வேண்டும். சில ஆண்டுகள் சென்றபின் பழைய பதிப்பிற்குரிய இணையச் சேவையையும் நிறுத்திவிடுகின்றனர். ஆடி வந்த 90ஆயினும் அன்றோடு சரி!

இரண்டாவது, திரையில் வளர்பவனுக்கு உடம்பு இல்லை. அவனைப் பெயர் சொல்லி அழைத்துத் திருத்தும் ஆசானும் இல்லை. உயரத்தை விரலசைவில் கூட்டிக்கொள்ளலாம் என்பது திரையின் வாக்குறுதி. மெய்யுலகம் கூறுவது வேறு. பஞ்சாப் மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிறந்த சத்னாம் சிங் ஏழடி இரண்டு அங்குலம் வளர்ந்தவர். லூதியானாவில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று, 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் கழகத்தால் 52ஆவதாகத் தெரிவு செய்யப்பட்டார். இந்தியாவில் பிறந்து அத்தெரிவைப் பெற்ற முதல் வீரர் அவரே. எனினும் அக்கூட்டமைப்பின் பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. உயரம் கதவருகே கொண்டு சேர்த்தது. கதவைத் திறக்க அது மட்டும் போதவில்லை.

இதற்கு மறுதலையாக நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையை நோக்குங்கள். பதினெட்டு ஆண்டுகள் இந்திய மகளிர் அணிக்கு ஆடினார். அவ்வணிக்குத் தலைமையும் தாங்கினார். தென்னக இரயில்வேயில் பணியாற்றிக்கொண்டே ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த முயின் பெக் ஹபீஸ் இந்திய ஆடவர் அணியின் தலைவராக விளங்கியவர். இவர்களுடைய தரத்தை எந்தப் பதிப்பும் 60க்கு இறக்கிவிட முடியாது. உடம்பில் ஏறிய கல்வி அது.

வடசென்னை வளர்த்த முறை

மெய்யான வீரனை வளர்க்கும் முறையை நாம் கடல்கடந்து சென்று கற்க வேண்டியதில்லை. வடசென்னைக்கு அது கைவந்த கலை. குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வழங்கிய பெயர்களை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். பிறப்பால் வருவதையே பிற இடங்களில் பரம்பரை என்பர். இங்கோ ஆசானிடம் கற்பதால் வருவது பரம்பரை. துறைமுகத் தொழிலாளியின் மகனும் மீனவர் மகனும் ஒரே வாத்தியாரின் கீழ் நின்று ஒரே பரம்பரையினராயினர்.

கேரம் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக வாகையர் பட்டம் வென்றார். 1996ஆம் ஆண்டிற்குரிய அர்ஜுனா விருதைப் பெற்றார். அவருக்குப் பின்னர், புது வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த காசிமா என்னும் பதினேழு வயது மாணவி, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற 6ஆவது கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவுகளிலும் பொற்பதக்கம் வென்று வந்தார். தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் வழங்கிச் சிறப்பித்தது. அவர் தந்தை ஆட்டோ ஓட்டுநர். மகளுக்கும் சுற்றுப்புறப் பிள்ளைகளுக்கும் அவரே கேரம் கற்பித்தார்.

அம்மாணவியை உலக மேடைக்கு உயர்த்தியவை யாவை? பளிங்கு அரங்கம் அன்று. வெளிநாட்டுப் பயிற்சியாளரும் அல்லர். ஒரு பலகை, ஓர் ஆசான், நாள்தோறும் தவறாத ஒரு நேரம். இம்மூன்றே. பெண்பிள்ளையின் விளையாட்டை வீட்டின் பெருமையாகக் கருதிய பெற்றோரின் உள்ளத்தையும் உடன் சேர்த்துக்கொள்ளலாம். நம் சமுதாயத்துப் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அம்மூன்று பதக்கங்களும் தக்க விடை பகரும்.

திடல் எங்கே?

இவ்வளவும் அவ்விளைஞனிடம் எடுத்துரைத்தேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார். விளையாட இடம் எங்கே சார் இருக்கிறது?" என்றான். அவன் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

நம் முன்னோர்க்குக் கடற்கரையே திடலாக இருந்தது. இக்கரையோரம் மணல் ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் இயல்புடையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்திற்காகக் கடலினுள் கற்சுவர் எழுப்பியபோது அம்மணலின் வழி அடைபட்டது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகன்ற கரையாக்கிற்று. மணல் வரவு நின்ற வடக்கே கடல் கரையை அரித்து உள்ளே புகுந்தது. காசிமேடு தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை இன்று நாம் காண்பவை பெரும்பாலும் பாறைக் குவியல்களும் தூண்டில் வளைவுகளுமே. தென்சென்னைப் பிள்ளைக்கு மணற்பரப்பைக் கொடுத்த அதே துறைமுகம் நம் பிள்ளையின் மணற்பரப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டது. எஞ்சிய நிலத்தில் ஆலைகளும் எண்ணெய்க் கலங்களும் சரக்குப் பெட்டி முற்றங்களும் நிற்கின்றன. அவை நமக்குச் சோறு போட்டன, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் புறப்பட்ட இவ்விராயபுரத்தில், ஒரு சிறுவன் பந்தோடு புறப்பட இடமில்லை.

ஆகவே, பிள்ளைகள் திடலை விட்டுவிட்டுத் திரைக்கு ஓடினர் என்று நாம் குற்றம் சாட்டுவது பாதி உண்மையே. திடல் அவர்களை விட்டு ஓடிற்று என்பது மறுபாதி.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் ஒரு கூடைப்பந்துத் திடலைக் கடந்தே நான் வகுப்பிற்குச் செல்கிறேன். வகுப்புகள் முடிந்தபின் அது வெறிச்சோடிக் கிடக்கும். அங்கே ஒரு பிள்ளையை அழைத்துச் செல்லவேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. மறுவாரம் உரியவரிடம் இசைவு பெற்று அவ்விளைஞனை அழைத்துச் சென்றேன். திரையில் நூற்றுக்கணக்கான முறை பந்தை வளையத்தில் இட்டவன், மெய்யான பந்தை முதன்முறையாகக் கையிலேந்தி எறிந்தான். பந்து வளையத்தைத் தொடாமலே விழுந்தது. இரண்டாம் முறையும் அவ்வாறே. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சார், இப்போது நான் 60கூட இல்லை" என்று சிரித்தான். ஆனால் பந்தை அவன் கீழே வைக்கவில்லை. எங்கே நிற்க வேண்டும், எப்போது தோழனுக்கு வழங்க வேண்டும் என்பதையெல்லாம் திரை அவனுக்கு முன்பே கற்பித்திருந்தது. அவனுக்கு இல்லாதவை இடமும் ஆசானுமே என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

செய்ய வேண்டுவன

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்க்கு வெளித்திடல் இல்லாமற் போனதால், பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைந்து இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தார். இடமின்மையில் பிறந்த விளையாட்டு இது! 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் வழியே இத்தகைய விளையாட்டுகள் நம்மிடையே வேரூன்றின. இன்றும் வளையத்தின் உயரம் அதே பத்தடிதான். இடமில்லை என்று நாம் கைகட்டி நிற்பதற்கு இவ்விளையாட்டின் வரலாறே இடந்தரவில்லை.

முழுத்திடலுக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் வேண்டும். அது நமக்கு அரிது. ஆனால் அணிக்கு மூவராக, ஒரே வளையத்தைக் கொண்டு அரைத்திடலில் ஆடும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அது ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. பத்து நிமிடத்தில், அல்லது ஓரணி 21 புள்ளிகள் எடுத்தவுடன், ஆட்டம் முடிந்துவிடும். இதற்கு 15 மீட்டர் அகலமும் 11 மீட்டர் நீளமும் உள்ள இடம் போதும். நம் பள்ளிகளின் முற்றங்கள், திருமணக் கூடங்களின் வண்டி நிறுத்துமிடங்கள் ஆகியவற்றுள் எத்தனை இவ்வளவிற்குக் குறைந்தவை? ஆண்டின் பெரும்பகுதி அவை மாலை நேரங்களில் பூட்டிக் கிடப்பதை நாம் அனைவரும் அறிவோம்.

எனவே, பெரியோர்களிடம் நான் வேண்டுவது பெருந்தொகை அன்று. ஒரு திறவுகோல். வாரத்தில் மூன்று மாலைகளுக்கேனும் ஒரு முற்றத்தைத் திறந்துவிடுங்கள். ஒரு வளையமும் இரண்டு பந்துகளும் ஒரு விளக்கும் அமையட்டும். கல்லூரி அணியில் ஆடிய பழைய மாணவர்கள் முறைவைத்து வந்து ஆசானாக நிற்கட்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் ஏற்பாடாகட்டும். படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவேன்: நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆடிக் களைத்த பிள்ளை உறங்குவான், திரைமுன் அமர்ந்த பிள்ளை நள்ளிரவு வரை விழித்திருப்பான். மேலும் இரயில்வேயும் வங்கிகளும் சுங்கத்துறையும் வருமான வரித்துறையும் கூடைப்பந்து வீரர்களுக்கு வேலை கொடுத்து அணிகளை நடத்தி வந்திருக்கின்றன. அந்த வாயில் நம் பிள்ளைகளுக்கு அடைக்கப்பட்டதன்று, அறியப்படாதது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நீங்கள் திரையில் ஒருவனை வளர்ப்பதை நான் இகழவில்லை. பிள்ளைத்தமிழ்ப் புலவனின் வேட்கை உங்களிடமும் இருக்கிறது என்றே மகிழ்கிறேன். ஆனால் அப்புலவன் நூலை முடித்தபின் எழுத்தாணியை வைத்துவிட்டுத் தன் வீட்டுக் குழந்தையையும் எடுத்துக் கொஞ்சியிருப்பான். திரையில் உள்ளவனுக்கு நீங்கள் செலவிடும் மாலைகளில் ஒரு பங்கினை உங்கள் சொந்த உடம்பிற்கும் கொடுங்கள். அங்கே தரம் உயர்வதைக் காட்ட எண் தோன்றாது. முதல் மாதத்தில் எதுவும் உயர்ந்ததாகவே தெரியாது. எனினும் அது ஆடி வந்ததாக இருக்கும். எவரும் விலைக்கு வாங்க முடியாததாக இருக்கும்.

அவ்விளைஞன் இப்பொழுது வாரத்தில் இரண்டு மாலைகள் வருகிறான். எஞ்சிய மாலைகளில் அச்சிறிய அறைக்கும் செல்கிறான், நான் தடுக்கவில்லை. சென்ற வாரம் அவன் எறிந்த பத்துப் பந்துகளில் மூன்று வளையத்தினுள் விழுந்தன. அடுத்த முறை தன் தெருப் பிள்ளைகள் நால்வரையும் அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறான். அழைத்து வா என்று சொல்லியிருக்கிறேன். வாயில் திறந்திருக்க வேண்டும். அது நம் கையில் இருக்கிறது.